கொழுப்புக் கணக்கு

வட கரேலியாவில், ஏரிக்கு இந்தப் பக்கம்,
பதினோரு பசுக்கள் எனக்கு.
பால் வண்டிக்காரன் மாதம் ஒரு சீட்டு தருவான்:
கொழுப்பு நான்கு புள்ளி ஆறு.
அதற்குத் தனிக் காசு.
சமையலறைச் சுவரில் ஆணியடித்து
அதை மாட்டுவாள் ஹில்க்கா,
பிள்ளை வாங்கிவந்த மதிப்பெண் போல.

அதே வாரம் சுகாதார நிலையத்துச் சீட்டு ஒன்று:
வில்யோ கர்வினென், ஐம்பத்தொன்று,
கொலஸ்ட்ரால் எட்டு புள்ளி மூன்று.
அதையும் அதே ஆணியில் மாட்டினாள்.
மாட்டுக்கு என்றால் பரிசு.
மனுஷனுக்கு என்றால் ஏச்சு.
"உனக்குக் கொழுப்பு" என்று
செவிலி ஐலி சொன்னபோது
வழக்கம்போலச் சண்டைக்குத்தான் போனேன்.

என் தம்பி ஒன்னி
நாற்பத்தாறில், விறகு அடுக்கிக்கொண்டிருந்தவன்,
ஒரு கட்டையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தான்.
எழவில்லை.
விரல்களிலிருந்து கட்டையைப் பிரிக்க
இரண்டு பேர் வேண்டியிருந்தது.
அவன் துக்கத்துக்கு வந்தவர்களுக்கு
ஒன்றரைக் கிலோ வெண்ணெய் போதவில்லை.

ஆகவே போட்டி.
எங்கள் ஊருக்கும் அக்கரை ஊருக்கும்,
இரண்டு மாதம்,
யார் ரத்தத்தில் அதிகம் இறங்குகிறது என்று.
பரிசு என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை.
அக்கரைக்காரனிடம் தோற்கக் கூடாது,
அவ்வளவுதான்.

வெண்ணெய்ப் பாத்திரம் அலமாரி உச்சிக்கு ஏறியது.
கடுகின் ஒன்றுவிட்ட தங்கை போன்ற
ஏதோ செடியின் எண்ணெய் மேசைக்கு வந்தது.
குழம்பில் பாதிப் பன்றி கேரட்டாக மாறியது.
மண்டியோடு கொதித்த காபி
காகிதத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கியது,
எனக்குப் பொறுமை கற்பிக்க.
விடியலில் பால் கறந்து ஊற்றிவிட்டு
கடைக்குப் போய்
ஆடை எடுத்த நீலத் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கினேன்.
தொழுவத்தில் மன்சிக்கியின் முகத்தைப் பார்க்க
வெட்கமாக இருந்தது.

ஒரு நள்ளிரவு நாற்காலி போட்டு ஏறினேன்.
வெண்ணெய் மேல்
முள்கரண்டியால் கோடு இழுத்துவைத்திருந்தாள்.
கள்ளன் விரல் காலையில் தெரிந்துவிடும்.
நிலா வெளிச்சத்தில்
உழுத வயல் போலிருந்தது.
பார்த்துவிட்டு இறங்கினேன்.

மார்ச் மாதம், பள்ளிக்கூடத்து விளையாட்டறை.
எனக்கு ஆறு புள்ளி ஐந்து.
முதுகில் தட்டினார்கள்.
ஹில்க்காவுக்கு எட்டு புள்ளி ஒன்பது இருந்தது,
எட்டு புள்ளி ஏழு.

ஒரே சட்டி, ஒரே கரண்டி.
என்னைவிடக் கறாராகத் தின்றவள் அவள்.
மருத்துவர் கேட்டார், அப்பா?
நாற்பத்துமூன்றில்.
சித்தப்பா?
நாற்பத்தைந்தில்.
சிலருக்குக் கல்லீரல் தானே காய்ச்சிக்கொள்ளும்,
வாய் மட்டும் கட்டினால் போதாது, மாத்திரையும் வேண்டும் என்றார்.
"அப்போ இத்தனை கேரட்டும் வீணா?"
"வீணில்லை. துணைக்கு ஆள் அனுப்புகிறோம்."

ஊர் தோற்றது, மயிரிழையில்.
அவள் எண் மட்டும் இல்லாவிட்டால் ஜெயித்திருப்போம் என்று
பின்வரிசையில் ஒருவன் சொன்னான்.
அன்றைக்குத்தான் எனக்கு
நிஜமாகவே கொழுப்பெடுத்தது.
அவன் குல்லாவைப் பிடுங்கி
வாசல் பனியில் எறிந்துவிட்டு வந்தேன்.
வீடு வரை ஹில்க்கா பேசவில்லை.
கதவருகே மட்டும்
சிரித்த மாதிரி இருந்தது.

இப்போது ஆணியில் மூன்று சீட்டுகள்.
காட்டு நாவல் போட்ட கிண்ணத்தருகே
அவளுடைய மாத்திரை, பருப்பளவு.
அவள் அதை விழுங்கும் வரை
நான் கரண்டியைத் தொடுவதில்லை.
ஏன் என்று அவளும் கேட்பதில்லை.

வெளியே பால் வண்டி உறுமுகிறது.
இம்மாதம் மன்சிக்கிக்கு நான்கு புள்ளி ஏழு.
நல்ல காசு.
குழாய் வழியே போகிறது அத்தனையும்,
தெற்கே யாரோ ஒருவனின் ரொட்டிக்கு.
அவன் பெயர் எனக்குத் தெரியாது.
அவன் எண்ணும்.